விபத்து வரைபடம் போடுமுன் கவனிக்க வேண்டிய இரண்டு விஷயங்கள்

இந்த எபிசோட்டில் நேரம் போதாமல் விட்ட ஒரு விஷயத்தை இங்கே எழுதுகிறேன்: ரொறன்ரோ வீதி விபத்துகளில் இறந்தவர்களை வரைபடத்தில் போடுவது எப்படி?

தரவு இலவசம். நகரத்தின் திறந்த தரவுத் தளத்தில் 'கேஎஸ்ஐ' என்று தேடினால் கிடைக்கும். ஆட்கள் இறந்த அல்லது படுகாயமடைந்த விபத்துகள் 2006 முதல் அதில் இருக்கின்றன. அகலாங்கு, நெட்டாங்கும் உண்டு. கியூஜிஐஎஸ்ஸில் இழுத்துப் போட்டால் ஐந்து நிமிட வேலை என்றுதான் நானும் நினைத்தேன்.

முதல் வரைபடமே பிழைத்துப் போச்சு. "மரண விபத்து" என்றிருந்த வரிகளை வடிகட்டி எண்ணினேன். நம்பவே முடியாத தொகை வந்தது. பிறகுதான் விளங்கியது: ஒரு வரி என்பது ஒரு விபத்து அல்ல, அதில் சம்பந்தப்பட்ட ஒரு ஆள். நடந்து போன ஒருவர் இறந்தால் அவருக்கு ஒரு வரி, காயமே படாத சாரதிக்கும் ஒரு வரி. இரண்டிலும் விபத்தின் வகை "மரணம்" என்றுதான் இருக்கும். நான் சாரதியையும் இறந்தவர் கணக்கில் சேர்த்துவிட்டேன்!

இறந்தவர்களை எண்ண, ஆளின் காய நிலையைச் சொல்லும் கொலத்தை வடிகட்டுங்கள். விபத்துகளை எண்ண வேணுமென்றால், ஒரே விபத்து எண் உள்ள வரிகளை ஒன்றாக்குங்கள்.

இரண்டாவது சிக்கல் கண்ணுக்குத் தெரியாது. தனியுரிமைக்காக, ஒவ்வொரு புள்ளியையும் கிட்ட இருக்கிற சந்திக்கு நகர்த்தித்தான் தருகிறார்கள். ஹீட்மேப் போட்டால் சந்திகள்தான் சிவக்கும். ஆனால் ஸ்காபரோவின் அகன்ற வீதிகளில் அடுத்த சிக்னல் தூரத்தில் இருக்கும். பஸ்ஸால் இறங்கி இடையிலேயே கடக்கிற ஆட்கள் கனபேர். அங்கே ஒருவர் அடிபட்டாலும் வரைபடம் சந்தியைத்தான் காட்டும்.

இதை ஏன் பெரிதுபடுத்துகிறேன்? இரண்டுக்கும் மருந்து வேறு. சந்தி என்றால் சிக்னல் நேரத்தையும் திரும்புகிற வாகனங்களையும் பார்க்க வேணும். இடைவீதி என்றால் அங்கே புதிய கடவை தேவைப்படலாம். ஆகவே விபத்து சந்தியிலா, இடையிலா என்று சொல்லும் கொலத்தை வைத்துப் புள்ளிகளுக்கு வேறு வேறு நிறம் கொடுங்கள்.

உங்கள் வீதியைப் போட்டுப் பார்த்தால் எனக்கும் அனுப்புங்கோ. கவுன்சிலரிடம் கொண்டு போவதென்றால், எண்ணிக்கையை இரண்டு தரம் சரிபாருங்கள். ஒரு பிழை பிடிபட்டால், மிச்சம் எதுவும் அவர் காதில் ஏறாது.