கோளாறு யாருடைய பெட்டியில்?

இணைய நிறுவனம் வரவேற்பறையில் ஒரு ஃபைபர் பெட்டியை மாட்டிவிட்டுப் போகிறது. மாடி அறைக்குச் சிக்னல் எட்டுவதில்லை என்று கடையில் இன்னொரு ரௌட்டர் வாங்கி அதோடு கேபிளால் இணைக்கிறோம். பிறகு வைஃபை முழுதாகக் காட்டும், இணையம் வராது. கஸ்டமர் கேரை அழைத்தால், "லைன் சரியாக இருக்கிறது, உங்கள் ரௌட்டரில்தான் பிரச்சினை" என்பார்கள். பல நேரம் அது உண்மை. ஆனால் அவர்கள் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை, நாமே சோதிக்கலாம்.

இரண்டாவது ரௌட்டரைக் கழற்றிவிட்டு, மடிக்கணினியை நிறுவனத்தின் பெட்டியோடு கேபிளில் இணையுங்கள். அங்கும் இணையம் இல்லையென்றால் கோளாறு பெரும்பாலும் அவர்கள் பக்கம். பெட்டி பிரிட்ஜ் முறையில், அதாவது ரௌட்டராக இயங்காமல் இணைப்பை மட்டும் கடத்தும்படி, இருந்தால் மட்டும் இந்தச் சோதனை செல்லாது. உள்நுழையும் பெயரும் பாஸ்வேர்டும் அப்போது உங்கள் ரௌட்டரில் இருக்கும். அப்படியானால் ரௌட்டரை மீண்டும் இணைத்து, மடிக்கணினியின் கேபிளை அதில் செருகிப் பாருங்கள். இணையம் கேபிளில் ஓடி வைஃபையில் திணறினால் சேனலை மாற்றுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 ஆகியவை ஒன்றோடொன்று மோதாதவை. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவர்களைத் தாண்டும்போது விரைவில் வலுவிழக்கும்.

நிறுவனத்தின் பெட்டியே ரௌட்டராகவும் வேலை செய்யும் வீடுகளில், இரண்டு பெட்டிகளும் முகவரி வழங்கப் போட்டியிடுவதுதான் அடிக்கடி நேரும் குழப்பம். கணினிக்கு 169.254 என்று தொடங்கும் முகவரி வந்திருந்தால், எந்தப் பெட்டியும் அதற்கு முகவரி தரவில்லை என்று பொருள். போட்டியைத் தவிர்க்க, முதல் பெட்டி 192.168.1.1 என்றால், இரண்டாவதற்கு 192.168.1.2 கொடுத்து, அதில் முகவரி வழங்கும் டிஎச்சிபி வசதியை அணைத்துவிட்டு, பிறகு இரண்டின் லேன் துளைகளையும் கேபிளால் இணையுங்கள். ஒரே ஒரு கேபிள் போதும். இரண்டு போட்டால் தகவல் வட்டமடித்து மொத்த இணைப்பும் உறைந்துவிடும்.

வேகத்தைவிட எனக்குக் கவலை தருவது பாதுகாப்பு. பிரிட்ஜ் முறையில் நிறுவனத்தின் பெட்டி வெறும் வழிதான். காவல் முழுக்க உங்கள் ரௌட்டருடையது. கடையிலிருந்து வந்த 'அட்மின்' பாஸ்வேர்டோடு அதை விடாதீர்கள். வைஃபை பாதுகாப்பு முறையாக டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 வையுங்கள், பாஸ்வேர்டு தட்டாமல் இணைய உதவும் டபிள்யூபிஎஸ் வசதியை அணையுங்கள். 2008இல் அகமதாபாத் குண்டுவெடிப்பை ஒட்டி வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் பாஸ்வேர்டு இல்லாத ஒரு வீட்டு வைஃபை வழியாக அனுப்பப்பட்டது. காவல்துறை முதலில் அந்த வீட்டுக்காரரைத்தான் விசாரித்தது.

கோளாறு நிறுவனத்தின் பக்கம் என்று உறுதியானால் தயங்க வேண்டாம். கேபிளில் எடுத்த வேகச் சோதனையைப் படமெடுத்து வையுங்கள். வைஃபையில் எடுத்ததை எளிதில் மறுத்துவிடுவார்கள். 2023 முதல், பதிவிறக்க வேகம் நொடிக்குக் குறைந்தது 2 மெகாபிட் இருந்தால்தான் பிராட்பேண்ட் என்பது அரசின் வரையறை. புகார் தீரவில்லையென்றால், அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் கட்டணமின்றி முறையிடலாம். நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் மீது நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. சேவைக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கும் கட்டணம் இல்லை. இவை எல்லாவற்றுக்கும் ஆதாரம் புகார் எண்தான். அதை வாங்காமல் ஃபோனை வைத்துவிடாதீர்கள்.