வட்டுப் பிரிவுகளின் எல்லை மாற்றம்



அலுவலகங்கள், பாடசாலைகள், மருத்துவமனைகள் ஆகியவற்றின் பதிவுகள் இன்று பெரும்பாலும் கணினிச் சேவையகங்களிலேயே பேணப்படுகின்றன. நாளடைவில் பதிவுகள் பெருகும். ஒதுக்கிய இடம் போதாமற் போகும். அப்பொழுது வட்டின் ஒரு பிரிவைக் குறுக்கவோ, மற்றொன்றை அகலப்படுத்தவோ நேரிடும். இதனை இழப்பின்றிச் செய்வது எங்ஙனம் என்பதே இவ்வுரையின் பொருள்.

திருகோணமலை நகரைச் சார்ந்த அன்புவழிபுரத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கம் தன் கணக்குகளைச் சேவையகம் ஒன்றில் வைத்திருப்பதாகக் கொள்வோம். அதனுள் 4 டெராபைட் கொள்ளளவுடைய வட்டுகள் நான்கு, 'றெயிட்' என்னும் முறையால் ஓரணியாகப் பிணைக்கப்பட்டுள்ளன. இம்முறையைப் பற்றர்சன், கிப்சன், காற்ஸ் என்னும் பெர்க்லி அறிஞர் மூவர் 1988ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுரையில் விளக்கினர். இதன் ஐந்தாம் வகையில், நான்கு வட்டுகளிலும் சேர்த்துப் பதிவுக்குக் கிடைப்பது 12 டெராபைட். எஞ்சிய 4 டெராபைட் சரிபார்ப்புக் குறிகளுக்குச் செலவாகும். ஒரு வட்டு பழுதுற்றால், மற்ற மூன்றையும் கொண்டு அதிலிருந்தவற்றைக் கணித்து மீட்கலாம். அது மீளுமுன் இன்னொன்றும் பழுதுற்றால் யாவும் போய்விடும்.

இத்தகைய அணி இருக்கையில் அச்சமில்லை என்று பலர் எண்ணுவர். அது தவறு. ஒரே வேளையில் இரு பேரேடுகளில் எழுதும் கணக்கரிடம் ஒரு வரியை வெட்டச் சொன்னால், அவர் இரண்டிலும் வெட்டிவிடுவார். றெயிட் அணியும் அவ்வாறே. வட்டின் பழுதிலிருந்து அது காக்கும். மனிதரின் தவறான கட்டளையிலிருந்து காவாது. ஆகையால் எல்லையைத் தொடுமுன், முழுப்பிரதி ஒன்று சேவையகத்துக்குப் புறம்பாக, அதனின்று துண்டிக்கப்பட்ட வேறோரிடத்தில் இருத்தல் வேண்டும்.

பிரதி இல்லாமையின் விலையை நம் நாடு அறியும். 2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் இலங்கை அரசாங்கத்தின் மேகக் கணினித் தொகுதி கப்பங்கோரும் நச்சுநிரலின் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான காலத்துக்கு மீட்கத்தக்க பிரதி இல்லாமையால், ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகளின் அக்காலக் கடிதங்கள் அழிந்தன. அங்கே காரணம் பகைவர் செயல்; எல்லை மாற்றத்தில் காரணம் ஒரு பிழையான எண்ணாக இருக்கலாம். பிரதி இல்லாதவருக்கு இரண்டின் முடிவும் ஒன்றே.

இனி, செய்யும் ஒழுங்கைப் பார்ப்போம். தம்பலகாமத்து வயல் ஒன்றை மனத்திற் கொள்ளுங்கள். பிரிவு என்பது வரப்பு. கோப்பு முறைமை என்பது வரப்புக்குள் நிற்கும் பயிர். வயலை அகலப்படுத்துவோர் முதலில் வரப்பை நகர்த்தி, அதன் பின்னரே புதுநிலத்தில் நாற்று நடுவர். குறுக்குவோர் ஓரத்துப் பயிரை முதலில் உள்ளே பெயர்த்து நட்டு, அதன் பின்னரே வரப்பை நகர்த்துவர். வட்டிலும் இதே முறைதான். பெரிதாக்கும்போது பிரிவு முதலில், கோப்பு முறைமை பின்னர். சிறிதாக்கும்போது கோப்பு முறைமை முதலில், பிரிவு பின்னர். இவ்வொழுங்கு தலைகீழானால் வரப்பு பயிரின் மேல் விழும்.

சிறிதாக்குவோர் கோப்பு முறைமையை வேண்டிய அளவினும் சற்றுக் குறைவாகச் சுருக்கி, பிரிவின் எல்லையை வைத்தபின், அந்த எல்லைவரை மீண்டும் விரித்தல் நலம். பிரிவின் தொடக்க எல்லை அசையலாகாது. முடிவெல்லையே மாற வேண்டும். லினக்ஸ் கணினிகளில் வழங்கும் எக்ஸ்ட்-4 கோப்பு முறைமையை இயங்கும்போதே பெரிதாக்கலாம். சிறிதாக்குவதற்கோ அதனைப் பயன்பாட்டிலிருந்து விலக்கிப் பிழை சோதித்தல் வேண்டும். எக்ஸ்.எஃப்.எஸ் என்னும் கோப்பு முறைமையை வேண்டிய அளவுக்குச் சிறிதாக்க இயலும் என்று நம்பியிருத்தல் கூடாது. பதிவுகளைப் பிரதியெடுத்து, புதிய பிரிவை அமைத்து, மீண்டும் நிரப்புவதே வழி.

தொடங்குமுன் மூன்றைச் சோதிக்க வேண்டும். முதலாவது, அணியின் எல்லா வட்டுகளும் நலமாயுள்ளனவா என்பது. ஒன்று பழுதுற்ற நிலையிலோ, மீளமைப்பு நடக்கும் வேளையிலோ எல்லையைத் தொடலாகாது. இரண்டாவது, பிரிவு அட்டவணையின் இப்போதைய எண்கள் வேறோரிடத்தில் குறித்து வைக்கப்பட்டுள்ளனவா என்பது. எண் பிழைத்தால் பழைய எல்லையை மீட்க அக்குறிப்பு உதவும். மூன்றாவது, மின்தடை நேர்ந்தாலும் வேலை இடையில் நில்லாதிருக்க மாற்று மின்வசதி உண்டா என்பது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. பிரதி எடுத்தோம் என்பது போதாது. அதிலுள்ள சில கோப்புகளை வேறொரு கணினியில் திறந்து படித்துப் பார்க்க வேண்டும். படிக்க முடிந்த பிரதியே பிரதி. அது கையில் இருந்தால், எல்லை மாற்றத்தில் தவறு நேர்ந்தாலும் இழப்பது ஒரு நாள் வேலை. இல்லையேல், சங்கத்தின் பல ஆண்டுக் கணக்கு.