உறையின் நிறையும் முத்திரையின் விலையும்

2022 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் உள்நாட்டுச் சாதாரண கடிதமொன்றுக்கான ஆகக்குறைந்த தபால் கட்டணம் 15 ரூபாவிலிருந்து 50 ரூபாவாக உயர்த்தப்பட்டது. திருமண அழைப்பிதழ் அனுப்புவோர் அதனை ஒருமுறை தாங்கிக்கொள்ளக்கூடும். ஆனால், சந்தாதாரருக்கு இதழ் அனுப்பும் சிறுசஞ்சிகையாளரும், பனையோலைக் கைப்பணிப் பொருட்களை வெளியூர்களுக்கு அனுப்பும் யாழ்ப்பாணத்துப் பெண்களும், மருதமுனை நெசவாளரும் ஒவ்வொரு பொதியிலும் இச்சுமையைச் சுமக்க வேண்டியவர்களாக உள்ளனர். கட்டணத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் அவர்களிடம் இல்லாதபோதிலும், பொதி கட்டும் விதத்தில் ஓரளவு சிக்கனம் சாத்தியமே என்பதை நாம் இங்கு சுட்டிக்காட்ட விரும்புகின்றோம்.

நிறைக்கேற்பக் கட்டணம் அறவிடும் முறையைப் பிரித்தானியாவில் 1840 இல் நிலைநிறுத்தியது ரோலண்ட் ஹில்லின் தபால் சீர்திருத்தமாகும். அதற்கு முன்னர் தாள்களின் எண்ணிக்கையும் தூரமுமே கணக்கிடப்பட்டன. உறையும் ஒரு தாளாக எண்ணப்பட்டமையால், மக்கள் கடிதத்தையே மடித்து அரக்கு வைத்து அனுப்பினர். உறைக்குக் கட்டணம் செலுத்தும் நிலை இன்றும் மாறவில்லை. அன்று தாளாக எண்ணப்பட்டது இன்று கிராமாக நிறுக்கப்படுகின்றது.

சதுர மீற்றருக்கு 80 கிராம் கொண்ட ஏ4 தாளொன்றின் நிறை 5 கிராம். மூன்று தாள்களை மெல்லிய நீள உறையிலிட்டால் மொத்தம் ஏறத்தாழ 20 கிராமாகும். அதே தாள்களைத் தடித்த பழுப்பு உறையிலிட்டால் அந்த அளவைக் கடந்துவிடும். கட்டணமோ படிப்படியாக ஏறுவது. ஒரு கிராம் கூடினாலும் அடுத்த படிக்குரிய முழுத் தொகையையும் செலுத்தியாக வேண்டும். இருபுறமும் அச்சிடுவதால் மீதமாவது கடதாசி மட்டுமன்று.

கூரியர் நிறுவனங்களின் கணக்கு வேறு. நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்ரிமீற்றரில் பெருக்கி, 5000 ஆல் வகுத்து வரும் கிலோகிராமை உண்மையான நிறையுடன் ஒப்பிட்டு, எது கூடுதலோ அதற்கே பல நிறுவனங்கள் பணம் அறவிடுகின்றன. 40, 30, 20 சென்ரிமீற்றர் அளவுள்ள பெட்டியில் ஒரு கிலோ பனையோலைக் கூடைகளை வைத்தால், அது 4.8 கிலோவாகக் கொள்ளப்படும். கூடைகளை ஒன்றினுள் ஒன்றாக அடுக்கி 30, 25, 15 அளவுள்ள பெட்டியில் அடக்கினால் 2.25 கிலோவாகக் குறையும். நிறை குறைந்து பருமன் கூடிய பொருட்களைத் தபாலிலும், சிறிதாயினும் கனமானவற்றை இரண்டிலும் விசாரித்தும் அனுப்புவது நன்று.

புடைவைக்கு அட்டைப்பெட்டி வீண்செலவு. உள்ளே மழைக்குப் பொலித்தீன், வெளியே உறுதியான கடதாசி அல்லது தைத்த துணியுறை போதுமானது. நூல்களுக்கு மூலைகள் மடியாதிருக்க இருபுறமும் நெளிவு அட்டைத் துண்டுகள் அவசியம்; அதிற் சிக்கனம் பார்த்துப் புத்தகம் சிதைந்தால் அனுப்பியவரே மீண்டும் ஒரு பிரதி அனுப்ப நேரிடும். கண்ணாடிப் பொருட்களிலும் அவ்வாறே.

வெளிநாட்டுக்கான சிறுபொதிகளுக்குச் சர்வதேச வரம்பு 2 கிலோகிராம். நீளம், அகலம், உயரம் ஆகியவற்றின் கூட்டுத்தொகை 90 சென்ரிமீற்றரையும், எந்தவொரு பக்கமும் 60 சென்ரிமீற்றரையும் தாண்டலாகாது. நிறுத்துப் பார்க்கும்போது பசைநாடாவையும் முகவரித் தாளையும் சேர்த்தே நிறுக்க வேண்டும். பொதியின் வாயை ஒட்டுவதற்கு முன்னரே தபாலகத் தராசில் வைத்துப் பார்த்தால், படியைக் கடக்கும் சில கிராம்களை அங்கேயே குறைத்துக்கொள்ளலாம்.