சாயம் மட்டும் போதுமா?

ஜூன் விடுமுறையில் எங்கள் நான்கறை வீவக வீட்டின் சாப்பாட்டு இடத்தைப் புதுப்பிக்கும் வேலையை அம்மா என்னிடமும் தம்பியிடமும் ஒப்படைத்தார். கையில் 200 வெள்ளி. உட்சுவருக்குச் சாயம் பூச வீவக அனுமதி தேவையில்லை. சுவரை இடிக்கத்தான் தேவை. ஆகவே எந்த நிறம் என்பதில் மூன்று நாள் சண்டை.

பாட்டி மட்டும் எதுவும் சொல்லவில்லை. சில மாதங்களாக அவர் தம் அறையிலேயே சாப்பிடுகிறார். தாத்தா இறந்தபின் மேசைக்கு வர மனமில்லை என்றே நினைத்திருந்தோம்.

சாயம் பூசுமுன் அளவு நாடாவை நீட்டினேன். நாற்காலிக்கும் அலமாரிக்கும் இடைவெளி 50 சென்டிமீட்டர். பாட்டி பிடித்து நடக்கும் வாக்கரின் அகலமோ 62!

“ஏன் பாட்டி சொல்லல?”

“ஒங்களுக்கு எதுக்குத் தொந்தரவுன்னு விட்டுட்டேன்யா.”

எனக்குப் பேச்சு வரவில்லை. பழைய செய்தித்தாள் நிறைந்த அந்த அலமாரியை அன்றே அகற்றினோம். இப்போது 90 சென்டிமீட்டர் வழி.

உணவகம்போல் இருக்கட்டும் என்று 3,000 கெல்வின் மஞ்சள் விளக்கு மாட்டினேன். முதல் நாளே பாட்டி, “மீன்முள் தெரியலையே” என்றார். வெண்மை கூடிய 4,000 கெல்வினுக்கு மாற்றினேன்.

ஒரு சுவருக்கு இன்னும் சாயம் பூசவில்லை. பூசலாம் என்று போனால், அந்தச் சுவரோரம் உட்கார்ந்து பாட்டி நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருக்கிறார்.