தீபாவளிக் கணக்கும் இணையக் கடையும்

வாணிபத்தில் நட்டம் நேர்ந்தவுடன் அதற்குக் காரணம் தேடுவது மனித இயல்பு. ஆயின், முதலில் அகப்பட்ட காரணத்தையே முடிந்த முடிபாகக் கொள்வதும் நம்மிடையே உண்டு. இணையவழி வாணிபத்தில் இவ்வவசரம் பெரும் பொருளிழப்பை விளைவிக்கின்றது.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கிச் செல்லும் ஓர் ஒழுங்கையில், சிறுமியர்க்குப் பட்டுப் பாவாடை சட்டை தைத்து இணையத்தின் மூலம் விற்கும் பெண்மணி ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 2022 ஒக்டோபரில் அவருக்கு 60 ஓடர்கள் வந்தன. 2023 ஒக்டோபரில் 25 மட்டுமே வந்தன. உடனே விலையைக் குறைக்கவும், விளம்பரத்துக்குக் கடன் வாங்கவும், தையல் வேலை செய்யும் இருவருள் ஒருவரை நிறுத்தவும் அவர் எண்ணக்கூடும். அப்படி நிறுத்தப்படுபவரின் வீட்டு அடுப்பும் இந்தக் கணக்கை நம்பியே எரிகின்றது.

உண்மையில் விற்பனை குறைந்ததா என்பதே முதல் வினா. கிறிஸ்மஸ் அசையாத நாள். தைப்பொங்கலும் ஏறத்தாழ அத்தகையதே. தீபாவளியோ சந்திரனைப் பற்றிச் செல்வது. 2022 இல் அது ஒக்டோபர் 24 ஆம் நாளும், 2023 இல் நவெம்பர் 12 ஆம் நாளும் வந்தது. பண்டிகைக்கு முந்திய மூன்று வாரங்களிலேயே ஓடர்கள் பெருகுமாயின், முதலாண்டில் அம்மூன்று வாரமும் ஒக்டோபருக்குள் அடங்கின. மற்றைய ஆண்டில் பெரும்பகுதி நவெம்பருக்குள் சென்றுவிட்டது. ஆகவே மாதத்தோடு மாதத்தை ஒப்பிடுதல் இங்குப் பொருந்தாது. பண்டிகை நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுதல் வேண்டும். கடல் கடந்து செல்லும் பொதிகளுக்கோ இன்னும் முன்னதாகவே எண்ணத் தொடங்க வேண்டும்.

அவ்வாறு எண்ணியும் குறைவு தென்படின், எந்தப் படியில் அது நேர்ந்தது எனக் காணல் வேண்டும். கடைப் பக்கத்தைப் பார்த்தோர் எத்தனை பேர், பொருளைத் தெரிந்தெடுத்தோர் எத்தனை பேர், பணம் செலுத்தி முடித்தோர் எத்தனை பேர்? பார்ப்போர் குறையாதிருக்கப் பணம் செலுத்துவோர் மட்டும் குறைவராயின், வங்கி அட்டையை ஏற்கும் ஏற்பாடு பழுதுபட்டிருக்கலாம். அஞ்சற் கட்டணம் அவர்களை மலைக்கச் செய்திருக்கலாம். விலையைக் குறைத்து அப்பழுதை நீக்க இயலாது.

அடுத்தது ஊர்வாரிக் கணக்கு. இதனையே நான் பெரிதும் வற்புறுத்துவேன். வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வராத நாளில், வராதோர் எல்லோரும் ஒரே வீதிப் பக்கத்தவர் என்று பதிவேடு காட்டுமாயின், பஸ் ஓடவில்லை என்பதை ஆசிரியர் அறிந்துகொள்வார். 2020 ஒக்டோபரில் கொரோனாத் தொற்றுக் காரணமாகக் கொட்டாஞ்சேனையில் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. விரும்பினாலும் அங்குள்ளோர் பொருளைப் பெறுவது எளிதாயிருக்கவில்லை. 2022 இன் நிலை வேறு. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தை எட்டியது. உள்ளூரார் கை சுருங்கிற்று. ஆனால் ரூபாவின் பெறுமதி வீழ்ந்தமையால், இலண்டனிலிருந்து பவுணில் வாங்குபவருக்கு நம் ரூபா விலை மலிவாகவே தோன்றியிருக்கும். உள்நாட்டு, வெளிநாட்டு ஓடர்களை ஒன்றாகக் கூட்டிப் பார்ப்பவருக்கு இவ்வேறுபாடு புலப்படாது.

2025 ஓகஸ்ட் 29 ஆம் நாள் நிகழ்ந்தது இன்னும் தெளிவான சான்று. 800 டொலருக்கு மேற்படாத பொதிகளுக்கு ஐக்கிய அமெரிக்கா வழங்கிவந்த சுங்கவரி விலக்கை அந்நாளில் உலக நாடுகள் அனைத்துக்கும் நிறுத்திற்று. புதிய நடைமுறை தெளிவாகாமையால், இந்தியா உட்படப் பல நாடுகளின் அஞ்சற் துறைகள் அங்குச் செல்லும் பொதிகளை ஏற்பதையே சிலகாலம் இடைநிறுத்தின. அவ்வாண்டுத் தீபாவளி ஒக்டோபர் 20 ஆம் நாள். கடல் கடந்த பொதிகள் புறப்பட வேண்டிய பருவமும் அதுவே. ரொறன்ரோவிலிருந்து ஓடர் வழக்கம்போல் வர, நியூ ஜேர்சியிலிருந்து மட்டும் அது அற்றுப்போயிருப்பின், குறை பாவாடையிலும் இல்லை, தைத்த கையிலும் இல்லை.

இவற்றுள் எதுவும் பொருந்தாவிடின், சென்ற ஆண்டு வாங்கி இவ்வாண்டு வாங்காதோர் பத்துப் பேரிடம் நேரே கேட்டுவிடலாம். பிள்ளை வளர்ந்துவிட்டாள் என்பார் ஒருவர். சென்ற முறை சாயம் போயிற்று என்பார் மற்றொருவர். சாயம் போயிற்று என மூவர் சொல்வாராயின், துணி வாங்கிய கடைக்குத்தான் அடுத்துச் செல்ல வேண்டும்.