கிணற்றுத் தண்ணீர் சோடாவானால்?

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் பட்டுக்குச் சாயம் போடுகிறவர்கள் தண்ணீர் விஷயத்தில் கறாரானவர்கள். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. நூலின் பசை போகாது. சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும்.

கரியமில வாயுவைக் காற்றில் கலக்கவிடாமல் நிலத்துக்கடியில் புதைக்கும் ஊர்களிலும் கவலை தண்ணீரைப் பற்றித்தான். வாயு கசிந்து மேலேறினால் கிணற்று நீர் லேசான சோடாவாகும். அந்தப் புளிப்பு சுண்ணாம்பைக் கரைத்து நீரைக் கடினமாக்கும். இரும்பு, மாங்கனீசும் சேரலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? அமெரிக்காவின் டிகேட்டரில் 2011 முதல் 2014 வரை சுமார் 10 லட்சம் டன் வாயுவை 2 கிலோமீட்டர் ஆழத்தில் செலுத்தினார்கள். அதற்கு முன்பே சுற்றுக் கிணறுகளின் நீரைச் சோதித்துக் குறித்துக்கொண்டார்கள். பழைய கணக்கு இல்லாமல் புதிய கணக்குக்கு அர்த்தமில்லையே!

இப்படி வாயு புதைத்த இன்னொரு இடமான கனடாவின் வெய்பர்ன் அருகே, 2011-இல், தங்கள் நிலத்துக் குட்டை குமிழி விடுவதாக ஒரு விவசாயத் தம்பதி புகார் செய்தார்கள். புதைத்த வாயுதான் என்று பேச்சு. மண்ணுக்குள் இருந்த காற்றைச் சோதித்தபோது, கரியமில வாயு கூடிய இடத்தில் ஆக்சிஜன் குறைந்திருந்தது. நுண்ணுயிர்களும் வேர்களும் மூச்சுவிட்டதன் தடயம் அது, கசிவல்ல.

நம் தெருவில் புது போர் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: முதல் தண்ணீரைச் சோதித்து, சீட்டைத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள்.