கமராவுக்குப் பயந்த வீரன்

“பிள்ளை, உம்மட போனில இவனை ஒரு படம் எடுத்துத் தாரும்” என்று வட்டக்கச்சியில் ஓர் அக்கா என்னிடம் கேட்டார். வீட்டுத் தரிசிப்புக்காக நான் அடிக்கடி செல்லும் வீடு அது. தனியாக வாழ்பவர். 2009 தை மாதம் ஊரே இடம்பெயர்ந்தபோது அவர் வளர்த்த நாய் முற்றத்திலேயே நின்றுவிட்டது. உழவு இயந்திரத்தில் அதற்கு இடம் இருக்கவில்லை. திரும்பி வந்தபோது நாயும் இல்லை, அல்பமும் இல்லை.

“அதின்ர முகம் இப்ப வடிவா ஞாபகம் வருதில்லை” என்றார்.

இப்போது இருப்பவன் வீரன். வீதியோரத்தில் எடுத்து வளர்த்த கறுப்பு நாய். பெயர்தான் வீரன், போனை உயர்த்தினால் நெல்மூட்டைக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வான்.

முதல் நாள் நான் எல்லாவற்றையும் பிழையாகவே செய்தேன். மாமரத்தில் கட்டச் சொன்னேன், எதிரே போய்க் குனிந்தேன், பிளாஷையும் போட்டேன். அவன் சங்கிலியை இழுத்து முனகினான். படத்தில் வந்தவை பச்சையாய் ஒளிரும் இரண்டு கண்கள் மட்டுமே. நாயின் விழித்திரைக்குப் பின்னால் உள்ள படலம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதால் அப்படி வரும். அதன் பின்னர் என்னைக் கண்டாலே ஒளிக்கத் தொடங்கினான்.

யோசித்துப் பார்த்தால் பயம் நியாயமானது. ஊரில் நாய்க்கு முன்னால் ஒருவர் குனிந்தால் கல் எடுக்கிறார் என்றே அர்த்தம். கை உயர்ந்தால் கல் வரும். நேருக்கு நேர் உற்றுப் பார்ப்பதை நாய்கள் மிரட்டலாக எடுத்துக்கொள்வதும் உண்டு. கமராவோ இமைக்காத ஒரு பெரிய கண். தெரிந்தவரின் முகத்தையும் மறைத்துவிடுகிறது. எலியட் எர்விற் என்ற பெயர்பெற்ற புகைப்படக் கலைஞர் நாய்களைத் திடுக்கிட வைக்கத் தானே குரைத்துக் காட்டிப் படமெடுப்பாராம். திடுக்கிட்டுத் திடுக்கிட்டே வாழ்ந்த எமது ஊருக்கு அந்த வித்தை வேண்டாம்.

அக்கா வேறொன்றும் சொன்னார். “முகாமில தண்ணிக்கு லைனில நிக்கேக்க எங்களையும் கேக்காமல்தான் எடுத்தவை. எனக்கும் ஓடி ஒளிக்கோணும் போலதான் இருந்தது.” நான் போனைப் பைக்குள் வைத்துவிட்டேன்.

அதன் பிறகு அவசரப்படவில்லை. வீரன் வருமுன்னரே விறாந்தைக் குந்தில் அமர்ந்துகொள்வேன். போனை நிலத்தில் வைத்து, அருகே பிஸ்கற் துண்டு ஒன்றும் வைப்பேன். அவன் மணந்து பார்த்துத் தின்னட்டும். படம் எடுப்பதில்லை. சில நாட்களில் போனைக் கண்டதும் வாலாட்டத் தொடங்கினான். பிறகு கையில் எடுத்தேன். பிறகு மெல்ல உயர்த்தினேன். ஒவ்வொரு முறையும் உடனே ஒரு துண்டு பிஸ்கற். போனின் ‘கிளிக்’ சத்தத்தையும் பிளாஷையும் நிறுத்தியிருந்தேன்.

இடையில் கவனிக்க வேண்டியது நாயின் உடம்பை. நித்திரை இல்லாமலே கொட்டாவி விடுவது, தின்ன எதுவும் இல்லாமல் உதட்டை நக்குவது, தலையைத் திருப்பிக் கடைக்கண்ணால் வெள்ளை தெரியப் பார்ப்பது, காதைப் பின்னால் மடிப்பது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றைக்குப் போதும் என்று எழும்பிவிட வேண்டும். நோர்வே நாட்டுப் பெண்மணி துரிட் ருகாஸ் நாய்களின் இத்தகைய சைகைகளைப் பல காலம் அவதானித்து நூல் எழுதியிருக்கிறார். அக்காவுக்கு அந்த நூல் தேவைப்படவில்லை; “இண்டைக்கு அவனுக்கு மனமில்லை” என்று எனக்கு முன்பே சொல்லிவிடுவார்.

கறுப்பு நாய்க்கு மத்தியான வெயில் கூடாது. முகம் வெறும் இருளாகிவிடும். பின்னேரம், மாமர நிழலில், அவன் உயரத்துக்கு நானும் நிலத்தில் அமர்ந்தேன். திரையில் அவன் கண்ணைத் தொட்டதும் முகம் தெளிந்தது. நான் கூப்பிடவில்லை. அக்கா என் தோளுக்குப் பின்னால் அமர்ந்து, வழமைபோல் அவனோடு கதைத்துக்கொண்டிருந்தார். அவன் பார்த்தது கமராவை அல்ல, அவரை. ஒரு காது நிமிர்ந்தும் மற்றது மடிந்தும் இருந்தது.

கிளிநொச்சியில் இரண்டு பிரதிகள் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒன்றைச் சுவரில் ஒட்டினார். மற்றதை, அடையாள அட்டையும் காணிப் பத்திரமும் வைத்திருக்கும் பொலித்தீன் பைக்குள் வைத்து, பையின் வாயை இறுக்கிக் கட்டினார்.